நெடுந்தூர வேட்டை ரைஃபிளுக்குத் தோட்டா தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். நானும் ஒரு சொல்தா. ஆல்ப்ஸ் மலைப் பக்கம் பணியில் இருந்த ஆண்டுகளில் முறையாக உரிமம் எடுத்து வேட்டைக்குப் போனேன். இப்போது குருசுக்குப்பத்தில் இருக்கிறேன். பிரான்சில் சார்செல், லியோன் பக்கம் குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள்: "துப்பாக்கி செய்பவரிடம் சொல்லி நெடுந்தூர ரைஃபிள் ஒன்று செய்துகொள்ளப் போகிறேன். எந்தத் தோட்டாவுக்குச் செய்யச் சொல்வது?" அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இங்கே தோட்டா என்றால் கூடு, மருந்தைப் பற்ற வைக்கும் பிரைமர், மருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து போவது மட்டும்.

இந்த ரைஃபிளை வைத்துக்கொண்டு இந்தியாவில் வேட்டையாடலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. முதல் அட்டவணையில் உள்ள விலங்கைக் கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. ஊசுடு ஏரிக்கு வரும் பறவைகளை நான் கண்ணால் மட்டும் பார்க்கிறேன், அதுவே போதும். கீழே சொல்வதெல்லாம் பிரான்சு போல வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளுக்கு, அங்கே உரிமம் உள்ளவர்களுக்கு.

தோட்டாவைத் தேர்வதற்கு முன் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

நீங்கள் எவ்வளவு தூரத்தில் தவறாமல் சுடுவீர்கள் என்பதை. பிள்ளைகள் தோட்டாவின் பெயரில் தொடங்குகிறார்கள், பெயருக்கேற்பத் தூரத்தைக் கற்பனை செய்கிறார்கள். தூரத்தில் தொடங்குங்கள் என்று மன்றாடாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் நம் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடுவதில்லை. அப்போது கைப்பேசியில் 300 மீட்டர் அளந்து, அந்த முனையில் தம்பியையோ தங்கையையோ நிற்க வைத்துப் பாருங்கள். முகம் தெரியாது. கையை அசைத்தால்தான் ஆள் இன்னார் என்று புரியும். அந்தத் தூரத்தில் ஷாமுவா என்னும் மலையாட்டின் நெஞ்சறை ஒரு சாணுக்கும் குறைவான அகலம்தான் உடையது. ஆட்டின் மொத்த எடையே 25 முதல் 45 கிலோ. 500 மீட்டர் என்று வாயால் சொல்வது எளிது; இந்தச் சாலையில் நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

சோதனை இதுதான். சுடுகளத்து மேசையை விட்டு எழுந்து தரைக்கு வாருங்கள். முதுகுப் பையின் மீது ரைஃபிளைச் சாய்த்து, மூச்சு வாங்க நூறு அடி ஓடிவந்து படுத்து, ஒரு சாண் அகலத் தட்டில் ஐந்து குண்டுகளையும் பதிக்க வேண்டும். குழல் குளிர்ந்திருக்கும்போது சுட்ட முதல் குண்டும் கணக்கில் உண்டு. ஐந்தும் விழும் கடைசித் தூரம்தான் உங்கள் தூரம். என் வாழ்நாளில் நல்ல நிலையில் இருந்தபோது என்னுடையது 350 மீட்டர். அதற்கு மேல் நான் சுட்டதில்லை, ஒரே ஒரு முறை தவிர. அது கீழே வருகிறது.

தோட்டா விற்பவர் பட்டியலில் எந்த எண்ணைப் பார்ப்பது? ஜூல் கணக்கு பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

குழல் வாயில் உள்ள ஆற்றல் கடைக்காரருக்கு உதவும் எண். விலங்கு குழல் வாயில் நிற்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, உங்கள் தூரத்தில் குண்டு எவ்வளவு வேகத்தோடு போய்ச் சேருகிறது என்பதை. வேட்டைக் குண்டு உடலுக்குள் போய்க் காளான் போல விரிந்தால்தான் விலங்கு உடனே விழும். விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். ஈயக் கரு உள்ள குண்டுகள் பலவற்றுக்கு நொடிக்கு 500 முதல் 550 மீட்டர். முழுச் செம்புக் குண்டுகளுக்கு அதைவிடச் சற்று அதிகம். வேகம் அதற்குக் கீழே போனால் ஊசி குத்தியது போல ஒரு துளையோடு விலங்கு ஓடிவிடும். எங்கோ ஒரு புதருக்குள் மணிக்கணக்கில் கிடந்து சாகும். எனக்குப் பொறுக்காத காட்சி அது.

வேகத்தைக் காப்பது குண்டின் வடிவம். காற்றைக் கிழித்துப் போகும் திறனைப் பாலிஸ்டிக் கெழு என்ற எண்ணால் குறிப்பார்கள். அது கூடக் கூட வேகம் மெதுவாகக் குறையும், காற்றும் குறைவாகத் தள்ளும். ஒல்லியாக, நீளமாக, கூர்மையாக இருக்கும் குண்டுக்கு இந்த எண் அதிகம். நெடுந்தூரத் தோட்டாக்களில் 6.5, 7 மி.மீ. விட்டமுள்ள குண்டுகள் பேர் வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

சட்டத்தின் எண்ணும் உண்டு. பிரான்சில் பெரிய விலங்குக்குத் தோட்டா 100 மீட்டரில் குறைந்தது 1,000 ஜூல் தர வேண்டும். எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போனால் செம்மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் 6.5 மி.மீ. விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூலும் கட்டாயம். அதனால் 6.2 மி.மீ. குண்டு போடும் .243 வின்செஸ்டரை அங்கே ரோ மான் என்னும் சிறு மானுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். இரு நாட்டிலும் வேட்டையாடும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, நேராகச் சொல்லுங்கள். 6.5 கிரீட்மோரா, .308 வின்செஸ்டரா?

பெயரில் உள்ள எண் ஏறக்குறையக் குண்டின் விட்டம்: 6.5 மில்லிமீட்டரில், .308 அங்குலத்தில். 350 மீட்டருக்குள் என்றால் இரண்டும் ஒன்றே. விலங்குக்கு வேறுபாடு தெரியாது. .308 வந்தது 1952இல். உலகில் எந்த மூலையிலும் கிடைக்கும், குழல் ஐயாயிரம் குண்டு வரை தாங்கும். கிரீட்மோர் 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. இலக்குச் சுடும் போட்டிக்காகப் பிறந்து வேட்டைக்கு வந்த தோட்டா.

தூரம் கூடும்போது கணக்கு மாறுகிறது. கிரீட்மோரின் 143 கிரெயின், அதாவது 9.3 கிராம் குண்டு நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 460 மீட்டர் தள்ளியும் அதற்கு 600 மீட்டருக்கு மேல் வேகம் மிச்சம் இருக்கும். .308இன் 178 கிரெயின் குண்டு 792 மீட்டரில் கிளம்பி அதே இடத்தில் 570 அளவுக்கு இறங்கிவிடும். .308 எடை கூடிய குண்டு. கிளம்பும்போது அதற்கே ஆற்றல் அதிகம். ஆனாலும் விரிவதற்கான வேகத்தை முதலில் இழப்பதும் அதுதான். சுடும்போது தோளில் இடிக்கும் உதையும் கிரீட்மோரில் குறைவு. உதை குறைந்தால் குண்டு பட்ட இடத்தை நீங்களே தொலைநோக்கியில் பார்க்க முடிகிறது. இந்த நன்மையைப் பட்டியலில் யாரும் அச்சிடுவதில்லை. எனக்கு இதுவே முதன்மை.

ஆகவே ஷாமுவா, ரோ மான், நடுத்தரச் செம்மான் என்றால் கிரீட்மோர் என்பேன். அதே வேலையை 1894இலிருந்து செய்து வரும் 6.5×55 ஸ்வீடிஷ் தோட்டா உங்கள் மாமா வீட்டு அலமாரியில் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

மேக்னம், அதாவது மருந்து அதிகம் கொள்ளும் தோட்டா, இல்லாமல் நெடுந்தூரம் உண்டா? எல்லோரும் .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிறார்களே?

நான் முதன்முதலாகச் சொல்லிச் செய்த ரைஃபிள் அந்தத் தோட்டாவுக்குத்தான். 1963இல் வந்தது, 200 கிரெயின் குண்டை நொடிக்கு 870 மீட்டரில் அனுப்புவது, நல்ல தோட்டா, அதில் குறை இல்லை. மலையில் சுமக்க வேண்டும் என்பதால் ரைஃபிளை எடை குறைவாகச் செய்யச் சொன்னேன். எடை குறைந்த ரைஃபிளில் அந்தத் தோட்டாவின் உதை, கிரீட்மோரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நாற்பது தோட்டா சுட்டதும் தோள் கன்றிவிட்டது. அதன்பின் என்னை அறியாமலே விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடத் தொடங்கினேன். பயிற்சியைக் குறைத்துக்கொண்டேன்; வலிக்கிறதே, தோட்டா விலையும் அதிகமே என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன்.

அந்த இலையுதிர் காலத்தில் 380 மீட்டரில் ஒரு ஷாமுவா கடா பக்கவாட்டில் நின்றது. ரைஃபிளில் சக்தி இருக்கிறதே என்ற துணிவில் சுட்டேன். உதைக்கு அஞ்சிய கை குழலை அசைத்துவிட்டது. குண்டு பின்னங்காலில் பட்டது. மலைச்சரிவில் மூன்று காலால் அது ஏறிப் போனதை இன்றும் மறக்க முடியவில்லை. இருட்டியதும் தேடலை நிறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் காலை இரத்தத் தடம் பிடிக்கும் நாயோடு ஒருவர் வந்துதான் கண்டுபிடித்தோம். அப்போதும் உயிர் இருந்தது. தவறு தோட்டாவுடையது அன்று. என்னால் ஆள முடியாத தோட்டாவை நான் தேர்ந்தெடுத்தேன்.

150, 200 கிலோ எடையுள்ள பெரிய செம்மானை 400 மீட்டருக்கு மேல் சுடும் திறனும், ஆண்டுக்குச் சில நூறு தோட்டா பழகும் மனமும் உங்களுக்கு இருந்தால் மேக்னம் பொருந்தும். அப்போதும் 7 மி.மீ. பக்கம் பாருங்கள். 1962இன் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 2022இல் வந்த 7 மி.மீ. பிஆர்சி இரண்டும் .300ஐவிடத் தோளுக்கு இரக்கம் காட்டுபவை. பிஆர்சியின் 175 கிரெயின் குண்டு நொடிக்கு 914 மீட்டரில் கிளம்புகிறது. ரைஃபிளைத் தொலைநோக்கியோடு நாலரைக் கிலோவுக்குக் குறையாமல் செய்யச் சொல்லுங்கள். 2018 முதல் பிரான்சில் வேட்டைக்கு ஒலியடக்கி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அது உதையையும் குறைக்கும், காதையும் காக்கும். என் வலது காதில் இரவெல்லாம் கேட்கும் ரீங்காரத்துக்கு அந்தக் காலத்தில் அது இல்லாததும் ஒரு காரணம்.

.338 லாபுவா?

வேண்டாம். அது தொலைதூரக் குறிசுடும் படைவீரர்களுக்காக உருவான தோட்டா. ஐரோப்பாவின் எந்த மானுக்கும் அவ்வளவு தேவையில்லை.

மாமனார் 7×64 தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன் என்கிறார். ஏன்?

அவர் தலைமுறைக்கு அதில் நியாயம் உண்டு. பிரான்சில் 2013 வரை படைகள் பயன்படுத்திய அளவுகளில் வேட்டை ரைஃபிள் வைத்திருக்கக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. .308, .30-06 இரண்டும் படைத் தோட்டாக்கள். ஆகவே 1917இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் பிரென்னெக் உருவாக்கிய 7×64 அங்கே வீட்டுத் தோட்டாவாகிவிட்டது. 2013ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு முறையும் பின்பக்கப் போல்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிளுக்கு அந்தத் தடை பெரும்பாலும் நீங்கியது. 400 மீட்டர் வரை 7×64 இன்றும் முழுத் தகுதியுள்ள தோட்டா. சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். மாமனாரோடு வேட்டைக்குப் போகிறவர் என்றால் அதையே செய்துகொள்ளுங்கள். ஒருவர் தோட்டா தீர்ந்தால் மற்றவர் கொடுக்கலாம்.

குழலின் சுற்று என்கிறார்களே, அது என்ன? நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

குழலின் உள்ளே வெட்டிய சுரிவரிகள் குண்டைச் சுழல வைக்கின்றன. பம்பரம் போலச் சுழன்றால்தான் குண்டு மூக்கு முன்னால் இருக்கப் பறக்கும். குண்டு நீளமாக ஆக வேகமான சுழற்சி வேண்டும். "8 அங்குலத்துக்கு ஒரு சுற்று" என்றால் வேகம். "12 அங்குலத்துக்கு ஒரு சுற்று" என்றால் மெதுவு.

சொல்லிச் செய்யும் ரைஃபிளின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 1925இன் .270 வின்செஸ்டர் அருமையான தோட்டா, ஆனால் கடை ரைஃபிள்களில் வழக்கமாக 10 அங்குலச் சுற்று. இன்றைய நீளக் குண்டுகள் அதில் நிலைகொள்வதில்லை. பழைய 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் குழல்களும் 9, 9.5 அங்குலம். நீங்கள் செய்யச் சொல்லும்போது 8 அங்குலச் சுற்று கேட்கலாம். அதே பழைய தோட்டா புதியவற்றோடு போட்டியிடும். கிரீட்மோரும் 7 மி.மீ. பிஆர்சியும் தொடக்கத்திலேயே 8 அங்குலச் சுற்றுக்கு வகுக்கப்பட்டவை.

செம்புக் குண்டு பயன்படுத்துவதானால் இது இன்னும் அவசியம். செம்பு ஈயத்தைவிட இலேசு. ஒரே எடைக்குக் குண்டு நீண்டுவிடும். ஈயத் துணுக்கு இறைச்சியில் கலப்பதைத் தவிர்க்கப் பலர் செம்புக்கு மாறுகிறார்கள். இறைச்சியைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள் மாறுவது நல்லது. எந்தக் குண்டைப் போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அந்தக் குண்டின் பெயரை எழுதிக் கொடுத்துக் குழல் வாங்குங்கள்.

துப்பாக்கி செய்பவரிடம் வேறு என்ன சொல்ல வேண்டும்?

தோட்டாவின் நீளம் ரைஃபிளின் உடலைத் தீர்மானிக்கிறது. கிரீட்மோர், .308 குட்டை உடலில் அடங்கும். .30-06, 7×64, 7 மி.மீ. பிஆர்சி, .300 மேக்னம் எல்லாவற்றுக்கும் நீள உடல் வேண்டும். தோட்டாவின் அடிப்பகுதி அகலமும் பார்க்க வேண்டும்: .308 குடும்பத்துக்கு 12 மி.மீ., மேக்னங்களுக்கு 13.5 மி.மீ. அளவில் போல்ட் முகம் அமையும். இன்று கிரீட்மோர் செய்தால் நாளை குழலை மட்டும் மாற்றி .308 ஆக்கலாம், மேக்னமாக்க போல்டையும் மாற்ற வேண்டும்.

தானே வடிவமைத்த தோட்டா ஒன்றைச் சில கைவினைஞர்கள் பரிந்துரைப்பார்கள். நொடிக்கு 30 மீட்டர் கூடுதல் வேகம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கலாம். மலையூரில் தோட்டாப் பெட்டியைத் தொலைத்துவிட்டால் கடையில் அது கிடைக்காது. நான் ஏற்க மாட்டேன். முடிந்த ரைஃபிள் செந்தெத்தியேன் நகரத்துச் சோதனைச் சாலையில் அழுத்தச் சோதனை முடித்து முத்திரை பெற்றதா என்று பாருங்கள்.

மலையில் காற்றை எப்படிக் கணிப்பது?

நம் கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்த மீனவர்களோடு வளர்ந்தவர்கள் நாம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் தாய்மாமன், படகுக் கொடியின் படபடப்பைப் பார்த்தே வலையை எந்தப் பக்கம் இறக்குவது என்று சொல்வார். ஆல்ப்ஸில் புல்லையும் பனிப்புகையையும் நான் படித்தது அந்தக் கண்ணால்தான்.

மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று, மேலே சொன்ன கிரீட்மோர் குண்டை 275 மீட்டரில் அரைச் சாண் தள்ளும். 460 மீட்டரில் ஒன்றரைச் சாணுக்கும் மேல். தூரம் இரட்டிக்கவில்லை, தள்ளல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. புவியீர்ப்பால் குண்டு இறங்குவதைக் கருவியால் துல்லியமாகக் கணக்கிடலாம். 180 மீட்டரில் குறி சரிசெய்த ரைஃபிளில் 275 மீட்டரில் ஒரு சாண் இறக்கம், 365 மீட்டரில் ஒரு முழத்துக்கு மேல். அது நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. காற்று பள்ளத்தாக்கின் நடுவில் ஒன்றாகவும் நீங்கள் படுத்திருக்கும் பாறையில் வேறாகவும் வீசும். குறி தவறுவது பெரும்பாலும் இதனால்தான். எந்த மேக்னமும் இதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

சரிவில் மேலோ கீழோ சுடும்போது கிடைமட்டத் தூரத்துக்கே குறி வையுங்கள். 30 பாகை சரிவில் 400 மீட்டர் என்றால் கணக்குக்கு 346 மீட்டர்தான். இதை மறந்தால் குண்டு முதுகுக்கு மேலே போகும். இன்னொன்று: 500 மீட்டர் போக குண்டுக்கு முக்கால் நொடி ஆகிறது. மேயும் ஆடு ஓரடி எடுத்து வைக்க அது போதும்.

கடலூரிலிருந்து ஒருவர் கேட்டது: தாத்தா காலத்து .315 ரைஃபிளும் நெடுந்தூரத்துக்கு ஆகுமா?

ஆகாது. இசாப்பூர் தொழிற்சாலையில் செய்த அந்த ரைஃபிள் உறுதியானது. ஆனால் கனத்த, மழுங்கிய மூக்குக் குண்டு. வேகம் சீக்கிரம் வடிந்துவிடும். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஊருக்கு வரும்போது ஒரு தோட்டாவை நினைவுப் பொருளாகக் கொண்டுவரலாமா?

தயவுசெய்து வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே குற்றம். வேட்டைக்குப் போன பையையே விமானத்துக்கும் எடுத்து வருவதால் அடி மடிப்பில் கிடந்த ஒரு தோட்டா சென்னை விமான நிலையச் சோதனையில் அகப்படும். சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடுகூட விசாரணையில் கொண்டுபோய் விடும். வேட்டைப் பையைத் தனியாக வையுங்கள். ஊருக்கு வேறு பை. புறப்படும் முன் மேற்சட்டைப் பைகளையும் உதறிப் பாருங்கள்.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. பிரான்சில் உரிமத் தேர்வு தேறிவிட்டான். உடனே சொல்லிச் செய்யும் ரைஃபிள் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா, அண்ணா?

இந்த ஆண்டு வேண்டாம், தங்கச்சி. கிரீட்மோரோ .308ஓ போடும் சாதாரணக் கடை ரைஃபிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள்; பழையதாக இருந்தாலும் சரி. வாங்கியதைப் பிரெஞ்சு அரசின் ஆயுதப் பதிவேட்டில் அவன் பெயரில் பதிய வேண்டும், அதை மறக்க வேண்டாம். மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கட்டும். சுடுகளத்தில் 100, 200, 300 மீட்டரில் சுட்ட ஒவ்வோர் அட்டையிலும் நாள், தூரம், காற்று மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு வரும்போது அட்டைகளை மட்டும் கொண்டுவரட்டும். குருசுக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் அவற்றை வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, எந்தத் தோட்டா, எத்தனை அங்குலச் சுற்று என்று அவனுக்கு எழுதிக் கொடுக்கிறேன்.